சீமைத்துணிக்கு ஒப்பாரி

பள்ளி மலருக்கு இனிமையான நினைவாகப் பார்த்து ஒன்று எழுதச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். என்னிடம் இருப்பது இனிமையானதா என்று தெரியவில்லை. எண்பதுகளின் நடுவில், நாம் எட்டாம் வகுப்பு படித்த ஆகஸ்ட் மாதத்தில், நம் பள்ளி அலுவலகத்தில் நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான்கே வரி. நான்கும் பொய். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இடம் போதாது என்றால் என் படத்தை எடுத்துவிடுங்கள். கட்டுரையை வெட்டாதீர்கள்.

உங்களில் பலர் அன்று மைதானத்தில் இருந்தவர்கள். ஆனால் என் பின்னால் நின்றவர்களுக்கு என் பின்னல் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

வரலாறு டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவார். ஈரம் காயாத தலையை நுனியில் முடிந்துகொண்டு, முதல் மணி அடிக்கும்போது ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்குள் நுழைவார். அந்த ஆண்டு சுதந்திர தினத்துக்கு வழக்கமான மாறுவேடப் போட்டி வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

"மீட்டிங் போட்டதால மட்டும் சுதந்திரம் வந்துடலை. ஜனங்களுக்கு அது பாட்டுல போச்சு, பஜனையில போச்சு, நாடகக் கொட்டகையில போச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு நாடுன்னா என்னன்னு அதுதான் சொல்லிச்சு. தலைவர்கள் எல்லாம் புத்தகத்துல இருக்காங்க. உங்க தெருவுல யார் இருந்தாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. நல்லா இருக்கறதை மேடையில போடலாம்."

நாம் கேட்டுக்கொண்டு வந்ததெல்லாம் நினைவிருக்கிறதா? ஒருவனின் தாத்தா, தாம்பரம் ஸ்டேஷனில் நின்ற ரயிலின் ஜன்னலில் ஒரு தலைவரின் கையைப் பார்த்திருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும். இன்னொருத்தி வீட்டில் யாரோ கடையடைப்பு அன்று பூட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மீதிப் பேர் சினிமாப் பாட்டை எழுதிக்கொண்டு வந்து டீச்சரிடம் திட்டு வாங்கினோம்.

எங்கள் தெருவில் அறுபது தாண்டிய எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டேன். எல்லாரும் அப்போது ஏதாவது ஓர் ஆபீசில் வேலை பார்த்திருந்தார்கள். கடைசியாக, கேட்க வேண்டும் என்று யோசிக்காமலேயே, கீரைக்காரம்மாவிடம் கேட்டேன். சிட்லபாக்கம் ஏரிக்கரையிலிருந்து காலை ஏழு மணிக்கு வருவார். கூடையிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டிச் சொட்டி எங்கள் வாசலில் ஒரு வட்டம் விழும். பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பண்டிகை நாளில் அவரிடம் கீரை வாங்க அம்மா யோசிப்பார்.

"சுதந்திரப் போராட்டத்துல நீங்க என்ன பண்ணீங்க?"

"நானா? ஒப்பாரி வெச்சேன் பாப்பா."

"யார் செத்தாங்க?"

"துணி செத்துச்சு. சீமைத்துணி."

அம்மா முறத்தோடு வெளியே வந்தார். "ஏம்மா, முளைக்கீரை இருக்கா இல்லையா? காலங்காத்தால குழந்தைகிட்ட என்ன சாவுப் பேச்சு?"

"கீது, கீது. கீரை எங்க போவுது? உம் பொண்ணுதாம்மா கேக்குது, நான் இன்னா பண்றது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, காக்கி அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டோடு ஏரிக்கரைக்குப் போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கீரைக்கட்டுகளை அலசிக்கொண்டிருந்தார். அலசுவதை நிறுத்தாமலே சொன்னார். கேள்வி கேட்டால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்.

அவருக்கு அப்போது பத்து வயது. அவர் அம்மா ஒப்பாரிக்காரி. கடைத்தெருவில் வெளிநாட்டுத் துணி விற்ற கடை முன்னால் யாரும் கூடக் கூடாது, ஊர்வலம் போகக் கூடாது என்று போலீஸ் தடை போட்டிருந்தது. ஊர்ப் பையன்கள் சிலர் யோசித்தார்கள். ஊர்வலத்தைத் தடுக்கலாம், பிணத்தைத் தடுக்க முடியுமா? வீடு வீடாகச் சீமைத்துணி வாங்கி, மூட்டை கட்டி, பாடையில் ஏற்றி, மாலை போட்டுவிட்டார்கள். மூடியிருந்தால் ஆள் போலவே இருந்ததாம். சாவு என்றால் அழ ஆள் வேண்டும். சேரிக்கு வந்து இவர்களைக் கூப்பிட்டார்கள்.

"அந்தத் தெருவுல நாங்க நடந்தது அன்னிக்குத்தான் மொத தபா. மத்த நாள்ல கொல்லைப் பக்கமாத்தான் போவணும். அன்னிக்கு நடுத்தெருவுல, மாரடிச்சிகினு போறோம். எதிர்க்க போலீஸ்காரன். பாடையப் பாத்தான். தொப்பிய எடுத்துட்டு ஒதுங்கி நின்னுட்டான்!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கு பறந்துவிட்டது.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"பொம்பளைங்க தெருமொனையோட நின்னுடணும் இல்ல? சுடுகாட்டுக்கு நாம போவக் கூடாதே. நாங்க நிக்கல. போய்கினே இருந்தோம். சுடுகாடு சோத்தாங்கைப் பக்கம், நாங்க ஜவுளிக்கடை இருந்த பீச்சாங்கைப் பக்கம் திரும்பிட்டோம். அப்பத்தான் அவனுக்கு டவுட்டு வந்துச்சு. விசில் ஊதறதுக்குள்ள கடை வாசல்ல கொள்ளி வெச்சாச்சு."

பிறகு அடி விழுந்தது. பையன்களில் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். அவர் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு சாகும்வரை ஒரே கையால்தான் மாரடித்தாராம்.

"நீங்களும் அழுதீங்களா? சும்மா நடிச்சீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். "நெஜமாவே அழுதேன். அப்பிடி ஒரு துணி பாப்பா. கையில புடிச்சா தண்ணி மாரி வழுக்கும். நாங்க ஜென்மத்துல கட்டினதில்ல. அது எரியுதேன்னு அழுதேன்."

இன்னொன்றும் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். நோட்டு போய்விட்டது, அந்த வரி போகவில்லை. சாவுக்குப் போனால் கூலி உண்டு. அன்றும் கொடுக்க வந்தார்கள். அவர் அம்மா வாங்கவில்லை. "இது நம்ம வூட்டு சாவு. நம்ம வூட்டு சாவுக்கு எவளாவது கூலி வாங்குவாளா?" என்றாராம், உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு.

அந்த வயதில் எனக்கு அதன் கனம் புரியவில்லை. பாட்டுதான் பிடித்தது.

*சீமையிலே பொறந்தவளே – எஞ் சிங்காரச் சேலையே*
*கப்பலேறி வந்தவளே – ஒன்னக் கட்டையிலே வைக்கிறமே*
*வந்த வழி தெரியாம – எங்க வாசலிலே செத்ததென்ன*
*கொள்ளி வைக்கப் பிள்ளையில்லே – இந்த ஊரே கொள்ளி வைக்குதடி*

டீச்சர் இதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதைத்தான்டி நான் தேடிட்டிருந்தேன்!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். சார்ட்டில், 'நம் பகுதியின் உண்மை நிகழ்ச்சி' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார். ஒத்திகை தொடங்கியது. நம் வகுப்பு லீடர்தான் துணிமூட்டை. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அவனைப் படுக்க வைத்து, டீச்சர் மேஜைமேல் இருந்த துணியால் மூடினோம். நாம் மாரடித்துக்கொண்டு சுற்றிவர, உள்ளேயிருந்து, "டேய், கிச்சுகிச்சு மூட்டாதீங்கடா" என்று பிணம் கத்தும். லீடரே, நீங்கள் இப்போது பெரிய அதிகாரி. மன்னிக்கவும்.

எனக்கு அழுகை வரவில்லை என்பதுதான் குறை. டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். "ராகம் சரியா இருக்கு. கண்ணுல ஒண்ணும் இல்லையே."

ஒரு சாயங்காலம் அம்மா ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார். கொல்லைக் கிணற்றடியில் நின்று பாடிப் பார்த்தேன். எங்கிருந்தோ வந்துவிட்டது. தண்ணீர் போல வழுக்கும் துணி தீயில் சுருள்வதை நினைத்தேன். குரல் உடைந்தது. கையில் உண்மையான வேகத்தோடு மாரில் அடித்தேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்து வீட்டு மாமி தலைமுடி அவிழ என் எதிரில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இன்னும் நாலு பேர்.

"அடிப்பாவி, என்னடி ஆச்சு? அப்பாவா? ஆபீஸ்லேர்ந்து சேதி வந்துதா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயைத் திறந்தால் விம்மல்தான் வந்தது. மாமி என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, தானும் தொடங்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் தெருவே வீட்டுக்குள் இருந்தது. எதிர்வீட்டில்தான் ஃபோன். அதிலிருந்து கூடுவாஞ்சேரியில் கடை வைத்திருந்த என் சித்தப்பாவுக்குச் சேதி போய்விட்டது. அது போனது எனக்குத் தெரியாது. நான் ஒருவழியாக, "பாட்டு மாமி, ஸ்கூல் பாட்டு" என்று சொல்லி முடித்தபோது அம்மா மண்ணெண்ணெய் டின்னோடு வாசலில் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். டின்னைக் கீழே வைக்கவில்லை. அது தானாக விழுந்தது. அந்த மண்ணெண்ணெய் வாடை ஒரு வாரம் வாசலில் இருந்தது.

ஆறே கால் ரயிலில் அப்பா வந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "யாருக்கு என்ன?" என்றார். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அரைமணி கழித்து சித்தப்பா வந்தார். கையில் ரோஜா மாலை. வாசலில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"யாருக்குடா மாலை?"

"உனக்குத்தாண்ணா."

இப்போது எங்கள் குடும்பத்தில் இது சிரிப்புக் கதை. அன்று யாரும் சிரிக்கவில்லை. அம்மா அப்பாவையும் என்னையும் கிணற்றடியில் நிறுத்தி, சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களைப் போல, தலையோடு தண்ணீர் ஊற்றினார். என் நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காக்கி அட்டை முதலில் சுருண்டது.

எத்தனையோ வருஷங்கள் அம்மாவை இதற்காக மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்த டின் கையிலிருந்து விழுந்த கணத்தில் அவர் விதவையாகிவிட்டார் என்பதை நான் யோசித்ததே இல்லை. வெறும் பாட்டு என்று நம்பும்வரை, கால் மணி நேரமோ என்னவோ, அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார். இது எனக்கு உறைத்தது போன மாதம்தான். அதற்கு வருகிறேன்.

தெருவில் நடந்தது தலைமையாசிரியர் காதுக்கும் போய், அப்பாவை வரச் சொல்லியிருந்தார்; மறுநாள் காலை அப்பா என்னோடு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் நானும் அப்பாவும் டீச்சரும் நின்றோம்.

"சுதந்திர தினத்துல ஒப்பாரியா? கொடியேத்தற மேடையில மாரடிக்கறதா? அபசகுனம்னு ஒரு வார்த்தை கேள்விப்பட்டிருக்கீங்களா டீச்சர்?"

"சார், அது உண்மையா நடந்தது சார்."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான், "கீரைக்காரம்மா சொன்னாங்க சார்" என்றேன்.

"கீரைக்காரி!" என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். இதை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அப்பா சிரித்தார்.

முடிவு அங்கேயே ஆனது. சார்ட்டைக் கிழிப்பது. பாட்டுக்குப் பதில் கும்மி. உண்மை நிகழ்ச்சி என்று டீச்சர் எழுதிவிட்டதால், அது உண்மை இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் டீச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்; அவர் வேலை நிரந்தரமாகவில்லை. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா வேறு சொல்லி அனுப்பியிருந்தார்: "என்ன கேக்கறாங்களோ எழுதிக் குடுத்துடு. விஷயம் முடிஞ்சுடும்."

எழுதிக் கொடுத்தேன். 'சீமைத்துணிக்கு ஒப்பாரி வைத்ததாக நான் எழுதியது என் கற்பனை. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. ஆசிரியரை ஏமாற்றியதற்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு செய்ய மாட்டேன்.' வார்த்தைகளைத் தலைமையாசிரியர் சொன்னார். கையெழுத்து என்னுடையது. அழகாக இருக்கிறது என்று வேறு பாராட்டினார்.

ஆகஸ்ட் பதினைந்து. லேசான தூறல். நாம் வகுப்பு வாரியாக நின்றிருந்தோம். சிறப்பு விருந்தினர் ஒரு தியாகி. கதர்ச் சட்டை, தடித்த கண்ணாடி, எழுபத்தைந்து வயதுக்கு மேல். கொடியேற்றிவிட்டு மைக் முன்னால் நின்றார். கரகரத்த குரலில் பொதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று சொன்னார்:

"உங்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை சொல்றேன். இதோ இந்தப் பக்கத்து ஊர்லதான். ஊர்வலம் போகக் கூடாதுன்னுட்டான். நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? சீமைத்துணியை மூட்டை கட்டிப் பாடையில ஏத்திட்டோம்! போலீஸ்காரன் தொப்பியைக் கழட்டி மரியாதை பண்றான்!"

மைதானம் முழுக்கச் சிரிப்பு. நான் திரும்பித் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கை தட்டினார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் வரிசையில் அப்பா.

எனக்குள் என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெளிவாகச் சொல்ல வராது. கை தானாக மேலே போனது.

தியாகி ஐயா பார்த்துவிட்டார். "என்னம்மா, கேளு."

"ஒப்பாரி வெச்சது யாருங்க ஐயா?"

தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். தியாகி ஐயா யோசித்தார். "அது... கூலிக்கு வந்த பொம்பளைங்கம்மா. பேர் ஞாபகம் இல்லை."

"அன்னைக்கு அவங்க கூலி வாங்கலீங்க ஐயா."

மைக் இல்லாமலே என் குரல் எல்லாருக்கும் கேட்டது. ஒப்பாரி பயின்ற தொண்டை அல்லவா?

"எங்க வீட்டுச் சாவுக்கு நாங்க கூலி வாங்க மாட்டோம்னு சொன்னாங்களாம். அவங்களுக்குக் கை உடைஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி நின்றிருந்ததால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"ஆமா," என்றார். "வாங்கலே."

அதற்குள் தலைமையாசிரியர் கையைக் காட்ட, நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. அசையாமல் நின்றேன். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.

ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டேன். அது உங்களுக்குத் தெரியும். போகும்போதும் வரும்போதும் கடலை மிட்டாயைக் கையில் திணித்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். ஆனால் கடிதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அதுதான் உண்மை என்று தியாகியே சொன்ன பிறகும், நான் எழுதிய பொய் கோப்பிலேயே இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "முடிஞ்சுபோன விஷயம்" என்றார்.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் காலை கீரைக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அவரா? இன்னும் கீறாரா!" என்று சந்தோஷப்பட்டார். "பாடைல முன்கால் புடிச்சவரு. போலீஸ் வந்ததும் இன்னா ஓட்டம் ஓடினாரு தெரியுமா? புடிச்சிட்டானுங்க, பாவம்." பிறகு கூடையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "நான் சொல்லலைன்னு எழுதிக் குடுத்தியா?"

தலையாட்டினேன்.

ஒரு கட்டை எடுத்து, மறுபடி கூடையிலேயே வைத்தார். கீரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி வுடு. கைதான் உன்னுது, வார்த்தை அவுங்கள்து. பெரிய மன்ஷியா ஆனப்புறம் போய் திருப்பி வாங்கிக்கோ."

சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அம்மா ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் கீரை வாங்க ஆரம்பித்தார். கீரைக்காரம்மா எங்கள் தெருவைத் தாண்டும்போது கூவுவதை நிறுத்திக்கொண்டார். எப்போது இறந்தார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு யார் ஒப்பாரி வைத்தார்கள் என்றும் தெரியாது. வரலாறு டீச்சர் அடுத்த ஆண்டு வரவில்லை. அவர் எனக்காகப் பேசவில்லை என்று கோபமாக இருந்தேன். பேசியிருந்தால் அன்றைக்கே கூடுவாஞ்சேரி ரயிலில் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதை யோசிக்க எனக்கு நாற்பது வயது தேவைப்பட்டது.

போன மாதம் என் மகள் படிக்கும் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். விடுதிச் சாப்பாட்டில் புழுவைப் பார்த்ததாக அவள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். 'தவறாகப் பார்த்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். காகிதமும் பேனாவும் மேஜையில் தயாராக இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்னென்னவோ ஓடியது. பரீட்சை, சான்றிதழ், வேலை. நான் சொன்னேன்:

"எழுதிக் குடுத்துடு. விஷயம் முடிஞ்சுடும்."

என் வாயிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது. அம்மாவின் பயம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்தது. புரிந்ததால் அது சரியாகிவிடாது.

மகள் பேனாவை எடுக்கவில்லை. "நான் பாத்தேம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்தக் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, என் கைப்பையில் போட்டுக்கொண்டு, "வாடி போகலாம்" என்றேன். படியிறங்கும்போது கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயம் இன்னும் போகவில்லை. அடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியாது. வரட்டும்.

அந்த வெற்றுக் காகிதம் என்னிடமே இருந்தது. அதில்தான் இப்போது இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மலரில் போட்டுவிட்டு, மூலத்தைப் பள்ளி அலுவலகத்தில் என் பழைய கடிதத்தின் மேல் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

'மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பில் நான் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். சீமைத்துணிக்கு ஒப்பாரி வைத்தது என் கற்பனை அல்ல. எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வந்த அம்மா என்னிடம் சொன்னார்கள். அவர்களும் அவர்கள் அம்மாவும் தெருமுனையில் நிற்காமல் நடந்தார்கள். தங்கள் வீட்டுச் சாவு என்பதால் கூலி வாங்கவில்லை.

இனியும் இவ்வாறே செய்வேன்.'